செய்மதிப் படமும் கள ஆய்வும்: மலைச்சரிவில் பயிர் செய்யும் கமக்காரர் அறிய வேண்டியவை

சப்ரகமுவ மாகாணத்தின் கேகாலை மாவட்டத்தில், மலைநாடு களனி கங்கையின் பள்ளத்தாக்கை நோக்கித் தாழ்ந்து செல்லும் பகுதியில் புளத்கொகுபிட்டிய அமைந்துள்ளது. உச்சியில் காடும் பாறையும், அவற்றின் கீழே தேயிலையும் றப்பரும், அதற்கும் கீழே வீட்டுத் தோட்டங்களும் மரக்கறிப் பாத்திகளும், அடிப்பள்ளத்தில் நெல்வயல்களும் என இங்கு நிலம் படிப்படியாகப் பயன்பட்டு வருகின்றது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் ஈரவலயத்தைச் சேர்ந்த பகுதியாதலால், நீர்க்குறை இங்கு பெரும்பாலும் இல்லை. ஆயினும், பயிரை வளர்க்கும் அம்மழையே சில வேளைகளில் மலையை இளக்கிக் கீழே தள்ளிவிடுகின்றது.

2016 ஆம் ஆண்டு மே மாதம் 17 ஆந் திகதி நிகழ்ந்தவற்றை இப்பகுதி மக்கள் மறந்திரார். பின்னர் ரோனு எனப் பெயர்பெற்ற சூறாவளியாக வலுவடைந்த தாழமுக்கம் நாட்கணக்காகப் பெருமழையைக் கொட்டியது. அன்று அரநாயக்கப் பிரதேசத்தின் சாமசர மலை சரிந்து, மண்ணும் பாறையும் ஏறத்தாழ 2 கிலோமீற்றர் தூரம் பாய்ந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர் அல்லது காணாமற்போயினர். அதே நாளில் புளத்கொகுபிட்டியவின் களுபஹன தோட்டத்திலும் மலைச்சரிவு இடிந்து, லயன் வீடுகளையும் அவற்றில் வாழ்ந்தோரையும் மூடிக்கொண்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் போதும் மலைநாட்டின் பல பகுதிகளில் மண்சரிவுகள் நிகழ்ந்தன.

மண்சரிவு நிகழும் நாளையும் நாழிகையையும் நெடுநாள் முன்னதாகக் கூறுதல் இயலாது. ஆனால், அது நிகழக்கூடிய இடங்களைப் பெரும்பாலும் முன்னரே அறிதல் இயலும். அவ்வாறு அறிவதற்கு உதவுவது நிலத்தின் பாறை, மண், சரிவு, நீரோட்டம் ஆகியவற்றைக் காட்டும் படமாகும். அப்படம் எவ்வாறு வரையப்படுகின்றது, அதில் செய்மதி காண்பது எது, காலால் நடந்து காண வேண்டியது எது, கமக்காரர் அதனால் அடையும் பயன் யாது என்பவை இங்கு விளக்கப்படுகின்றன.

பாறைப் படம் வரைதலின் வரலாறு

இலங்கையின் கற்களையும் கனிப்பொருள்களையும் முறையாக ஆராயும் அளவைப் பணி 1903 ஆம் ஆண்டில் தொடங்கியது. அதன் முதற் பணிப்பாளராக விளங்கியவர், பிற்காலத்திற் கலையறிஞராக உலகப் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமி ஆவார். சுத்தியலும் திசையறிகருவியும் கொண்டு நாட்டின் பல பாகங்களிலும் அவர் நடந்து ஆராய்ந்தார். சப்ரகமுவவின் பலாங்கொடைப் பகுதி ஆற்றுச் சரளையிற் கிடைத்த தோரியனைற்று என்னும் அரிய கனிப்பொருள் 1904 ஆம் ஆண்டில் அறியப்பட்டமை அவருடைய பணியின் பயனேயாகும். பின்னர், இந்தியப் புவிச்சரிதவியல் அறிஞர் வாடியா 1938 முதல் 1944 வரை இலங்கை அரசாங்கத்தின் கனிப்பொருளியலாளராகப் பணியாற்றினார். இவர்கள் காலத்தில் மலையைக் காண்பதற்கு மலையேறுதல் ஒன்றே பெரும்பாலும் வழியாக இருந்தது.

1956 ஆம் ஆண்டளவில் விமானத்திலிருந்து எடுக்கப்பட்ட நிழற்படங்கள் நாட்டின் நிலத்தை மேலிருந்து காட்டின. அடுத்தடுத்த இரு நிழற்படங்களைக் கருவியின் வழியே ஒருங்கே நோக்கும்போது மேடும் பள்ளமும் எழுந்து தோன்றும். அப்படங்கள் இன்றும் பயனுடையவை. இப்போது றப்பரும் வீடுகளும் மூடியிருக்கும் பழைய சரிவுத் தழும்புகள் சில அவற்றில் மறைவின்றித் தெரிகின்றன.

நாட்டின் பாறைப் படங்களை ஆக்கும் பொறுப்பு, 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தைச் சார்ந்தது. மண்சரிவு அபாயத்தைக் காட்டும் படங்களை ஆக்குவது, 1984 இல் நிறுவப்பட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமாகும். 1986 இல் நுவரெலியா, பதுளை மாவட்டங்களிலும், 1989 ஜூன் மாதத்திற் கேகாலை மாவட்டத்திலும் நிகழ்ந்த கொடிய சரிவுகளைத் தொடர்ந்து, 1990 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் உதவியுடன் அப்பணி தொடங்கியது. முதலிற் பதுளையிலும் நுவரெலியாவிலும் மேற்கொள்ளப்பட்ட அது, பின்னர் கேகாலை, இரத்தினபுரி முதலிய ஏனைய மலைப்பாங்கான மாவட்டங்களுக்கும் விரிந்தது.

செய்மதி காண்பது யாது?

புவியைச் சுற்றிவரும் செய்மதி நிலத்திலிருந்து மீளும் ஒளியை அளந்து படமாக அனுப்புகின்றது. மனிதக் கண்ணுக்குப் புலப்படும் நிறங்களோடு, புலப்படாத அகச்சிவப்பு ஒளியையும் அது அளக்கும். பசுமையான இலை சிவப்பு ஒளியை உட்கொண்டு, அண்மை அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். வாடிய இலை அவ்வாறு செய்வதில்லை. வெற்று மண்ணும் நீரும் வெவ்வேறு அளவில் ஒளியைத் திருப்பும். இவ்வேறுபாடுகளைக் கொண்டு காடு, தேயிலை, நெல்வயல், வெட்டவெளி, புதிதாகச் சரிந்த மண் ஆகியவற்றைப் பிரித்தறியலாம்.

நிலவளங்களை ஆராய்வதற்கென அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1972 ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதலாவது லாண்ட்சற் செய்மதியை ஏவின. அதன் படத்தில் ஒரு புள்ளி ஏறத்தாழ 80 மீற்றர் நீளமும் அகலமும் உடைய நிலத்தைக் குறித்தது. அஃதாவது ஒன்றரை ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் ஒரே புள்ளியாகத் தெரிந்தது. பிற்கால லாண்ட்சற் செய்மதிகளில் ஒரு புள்ளி 30 மீற்றர் அளவினது. அது ஏறத்தாழ 36 பேர்ச்சு நிலமாகும். 2015 ஆம் ஆண்டு முதல் ஐரோப்பிய நாடுகள் இயக்கிவரும் சென்ரினல் 2 வகைச் செய்மதிகளின் படத்தில் 10 மீற்றர், அஃதாவது 4 பேர்ச்சு நிலம், தனித்து ஒரு புள்ளியாகத் தெரிகின்றது. எனவே மரக்கறித் தோட்டமொன்றைத் தனியே இனங்காணல் இன்று இயல்வதாயிற்று. ஒரு வரம்பையோ வாய்க்காலையோ அப்படத்திற் காணுதல் இன்னும் அரிது.

மழை காலத்தில் மலைநாட்டை முகில் மூடியிருக்கும். ஒளியைக் கொண்டு படம் எடுக்கும் செய்மதி அப்போது பயன்படாது. ஆனால் ராடார் செய்மதி தானே வானொலி அலைகளை அனுப்பி, அவை நிலத்திற் பட்டு மீள்வதை அளப்பதால், முகிலுக்கு ஊடாகவும் இரவிலும் நிலத்தைக் காணும். 2014 இல் ஏவப்பட்ட சென்ரினல் 1 இத்தகையது. நிலத்தின் உயர வேறுபாட்டை அளப்பதற்கும் ராடார் பயன்படும். 2000 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் விண்ணோடம் ஒன்றிலிருந்து ராடாரினால் எடுக்கப்பட்ட அளவைகளைக் கொண்டு, உலகின் பெரும்பகுதிக்கு நிலவுயரப் படம் ஆக்கப்பட்டது. அதிலிருந்து எந்தச் சரிவு எத்தனை பாகை செங்குத்தானது என்பதைக் கணிக்கலாம்.

மரங்கள் மூடிய நிலத்திற் பாறையை அறிதல்

இராசஸ்தான் போன்ற வறண்ட நாடுகளிற் பாறை வெளிப்பட்டுக் கிடப்பதால், அதன் நிறத்தையும் வகையையும் செய்மதி பெருமளவு நேரே காணும். சப்ரகமுவவில் அவ்வாறு அன்று. இங்கே பாறையின் மேல் ஆழ்ந்த மண்ணும், மண்ணின் மேற் பயிரும் மரமும் மூடியுள்ளன. ஆதலால் நேரே தெரியாத பாறையை அடையாளங்களைக் கொண்டே அறிதல் வேண்டும்.

இலங்கையின் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்ட பகுதியின் அடியில் இருப்பவை, மிகத் தொன்மையான காலத்தில் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறைகளாகும். சார்னோக்கைற்று நைசு, கார்னற்றுக் கொண்ட நைசு, குவாட்சைற்று என்பன மலைநாட்டில் மிகுதியாகக் காணப்படுவன. இவை ஏடு ஏடாக அடுக்கப்பட்டு மடிந்து கிடக்கின்றன. எளிதில் உக்காத குவாட்சைற்று நீண்ட மலைமுகடாக எஞ்சி நிற்கும். எளிதில் உக்கும் பாறை பள்ளமாகி, ஆழ்ந்த களிமண்ணைத் தரும். எனவே மேலிருந்து முகடுகளின் போக்கை நோக்கினால், அடியிலுள்ள பாறை ஏடுகளின் போக்கும் ஒருவாறு தெரியும்.

இன்னோர் அடையாளம் நீரோடை. பாறையில் வெடிப்பு உள்ள இடத்தில் நீர் எளிதில் அரித்துச் செல்லும். ஆகவே ஓர் ஓடை வளையாது நேர்கோடாக ஓடுமாயின், அல்லது இரண்டு மூன்று ஓடைகள் ஒரே கோட்டில் அமையுமாயின், அவற்றின் அடியிற் பாறை வெடிப்பு உண்டென ஐயுறலாம். இத்தகைய கோடுகளைச் செய்மதிப் படம் நன்கு காட்டும். அக்கோடுகளின் வழியே நிலத்தடி நீர் ஓடும், ஊற்றுகள் தோன்றும், நல்ல கிணறுகளும் அமையும். மலைச்சரிவு இளகுவதும் பல வேளைகளில் அக்கோடுகளை அடுத்தேயாம்.

கள ஆய்வு இன்றிப் படம் முற்றுப்பெறாது

செய்மதிப் படம் தருவது ஐயமே. அதனைத் தெளிவாக்குவது கள ஆய்வு. படத்திற் கோடாகத் தெரிவது பாறை வெடிப்பாகவும் இருக்கலாம், பழைய தோட்டப் பாதையாகவும் இருக்கலாம். வெட்டவெளியாகத் தெரிவது சரிந்த மண்ணாகவும் இருக்கலாம், புதிதாகக் கொத்திய மரக்கறிப் பாத்தியாகவும் இருக்கலாம். ஆகையால் ஆய்வு உத்தியோகத்தர் படத்தைக் கையிற் கொண்டு அவ்விடத்துக்கே செல்வர்.

வீதி வெட்டப்பட்ட இடம், ஓடையின் படுக்கை, கிணற்றின் உட்சுவர் ஆகியன பாறையும் மண்ணடுக்கும் வெளிப்படும் இடங்களாம். அங்கே பாறையைச் சுத்தியலால் உடைத்து அதன் வகையை அறிவர். திசையறிகருவியையும் சரிவுமானியையும் வைத்து, பாறை ஏடுகள் எத்திசையில் எத்தனை பாகை சாய்ந்துள்ளன என அளப்பர். துறப்பணத்தால் மண்ணைத் துளைத்து அதன் ஆழத்தை அறிவர். இடத்தின் நிலையைச் செய்மதி வழிப்பட்ட இடமறி கருவியினாற் குறித்துக்கொள்வர்.

பாறை ஏடுகளின் சாய்வு ஏன் முக்கியமென்பதைக் கிடுகுக் கூரையைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். கூரையின் சாய்வுப் பக்கமாகவே கிடுகுகள் சாய்ந்து கிடப்பதால், கட்டு அறுந்த கிடுகு வழுக்கிக் கீழே விழும். அவ்வாறே மலையின் சரிவும் பாறை ஏடுகளின் சாய்வும் ஒரே பக்கமாக இருப்பின், மேலுள்ள மண்ணும் உக்கிய பாறையும் வழுக்கி இறங்குதல் எளிது. ஏடுகள் மலையின் உட்பக்கம் சாய்ந்திருப்பின், வழுக்குவதற்கு அத்துணை இடமில்லை. எனினும் அத்தகைய பக்கம் பெரும்பாலும் செங்குத்தாக இருப்பதாற் பாறைகள் பெயர்ந்து விழக்கூடும்.

கள ஆய்வில் மிக மதிப்புடைய சான்று அவ்விடத்து மக்களின் வாய்மொழியாகும். எந்த ஊற்று கோடையிலும் வற்றுவதில்லை, எந்த வரம்பு ஆண்டுதோறும் தாழ்ந்துபோகின்றது, எந்தக் கிணற்று நீர் மழைக்குப் பின் கலங்குகின்றது, பாட்டன் காலத்தில் எந்தப் பக்கம் இடிந்தது என்பவற்றைச் செய்மதி அறியாது. அவற்றை அறிந்தவர்கள் அந்நிலத்தில் நாள்தோறும் மண்வெட்டி பிடிப்பவர்களும் கொழுந்து பறிப்பவர்களுமே. ஆய்வுக்கு வரும் உத்தியோகத்தரிடம் இவற்றை மறையாது கூறுதல் வேண்டும். காணியின் மதிப்புக் குறைந்துவிடும் என்றோ, காணியை விட்டு எழுப்பிவிடுவர் என்றோ அஞ்சி மறைப்பதனாற் படம் பிழைபட நேரும். பிழைபட்ட படத்தின் தீங்கு அவ்வூராரையே சேரும்.

நல்ல மண்ணும் பழைய சரிவும்

கமக்காரர் தனித்துக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மலைநாட்டில் மிக நல்ல விளைநிலம் எனக் கருதப்படும் இடங்களுட் பல, முற்காலத்தில் மலையிலிருந்து சரிந்து வந்த மண்ணினால் ஆனவை.

முன்னொரு காலத்தில் மலையின் மேற்பாகம் இடிந்து இறங்கும்போது, மேல்மண்ணும் உக்கிய பாறையும் கற்களும் ஒன்றாய்க் கலந்து அடிவாரத்திற் குவிந்தன. இம்மண் ஆழமானது, இளக்கமானது, மண்வெட்டி எளிதில் இறங்கும். மேலேயிருந்து ஊறி வரும் நீர் இக்குவியலின் அடியில் ஊற்றாய்ப் புறப்படும். சரிவும் அங்கே ஓரளவு தணிந்திருக்கும். ஆழ்ந்த மண், வற்றாத நீர், தணிந்த நிலம் என்னும் மூன்றும் ஒருங்கே அமைந்த இடத்தில் வயலும் மரக்கறித் தோட்டமும் வீடும் தோன்றுதல் இயல்பேயாகும். இடத்தைத் தெரிந்த முன்னோர் நிலத்தை அறியாதவர் அல்லர். அந்நிலம் உண்டான வகையை மாத்திரம் மேலிருந்து காணும் வாய்ப்பு அவர்களுக்கு இருந்ததில்லை.

மேலிருந்து நோக்கும்போது அந்த உருவம் தெரிகின்றது. மேலே அகப்பையாற் குடைந்தெடுத்தது போன்ற குழிவும், அதன் கீழே நாக்கை நீட்டியது போன்ற புடைப்பும் காணப்படின், அது பழைய சரிவாதல் கூடும். குழிவில் எஞ்சியுள்ள மண்ணும், புடைப்பிற் குவிந்துள்ள மண்ணும் பாறையோடு இறுகப் பற்றியவை அல்ல. நீர் மிகுந்தால் அவை மீண்டும் அசையக்கூடும்.

அவ்வாறு அசைதற்குக் காரணம் நீரின் பாரம் மாத்திரமன்று. மண்துகள்கள் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்திருப்பதனாலேயே சரிவில் மண் நிற்கின்றது. துகள்களுக்கு இடையிலுள்ள வெளி நீரால் முற்றாக நிரம்பும்போது, நீரின் அமுக்கம் துகள்களை விலக்க, அவற்றின் பிடி தளர்கின்றது. ஒரு நாளில் 150 மில்லிமீற்றர் மழை பெய்தால், ஒரு ஏக்கர் நிலத்தின் மேல் விழும் நீர் ஏறத்தாழ 600 தொன் ஆகும். அதில் எவ்வளவு ஓடிப் போகின்றது, எவ்வளவு மண்ணுள் இறங்குகின்றது என்பதிலேயே சரிவின் நிலை தங்கியுள்ளது. இவ்விடத்திற் கமக்காரரின் கைவேலை பெரிதும் பயன்படும்.

அபாயப் படத்தை வாசித்தல்

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அபாயப் படத்தை ஆக்கும்போது ஆறு காரணிகளைக் கணக்கிற் கொள்கின்றது. அவை பாறையின் வகையும் அமைப்பும், மேல்மண்ணின் வகையும் ஆழமும், சரிவின் அளவு, நீரோட்டமும் வடிகாலும், நிலப் பயன்பாடும் பராமரிப்பும், நில உருவம் என்பன. மொத்தம் 100 புள்ளிகளிற் சரிவுக்கு 25, பாறைக்கும் நீரோட்டத்துக்கும் தனித்தனி 20, நிலப் பயன்பாட்டுக்கு 15, மேல்மண்ணுக்கும் நில உருவத்துக்கும் தனித்தனி 10 என வகுக்கப்பட்டுள்ளன. இவற்றுட் பாறையையும் நில உருவத்தையும் மனிதர் மாற்ற முடியாது. நீரோட்டத்தையும் நிலப் பயன்பாட்டையும் மாற்றுதல் கூடும்; அவை இரண்டும் சேர்ந்து 35 புள்ளிகளாம்.

படங்கள் பெரும்பாலும் இரு அளவுகளில் ஆக்கப்பட்டுள்ளன. 1:50,000 அளவுப் படத்தில் ஒரு சென்ரிமீற்றர் 500 மீற்றரைக் குறிக்கும். அது ஒரு பிரதேசம் முழுவதையும் நோக்குதற்கு ஏற்றது. 1:10,000 அளவுப் படத்தில் ஒரு சென்ரிமீற்றர் 100 மீற்றரைக் குறிக்கும். அதில் ஊரையும் தோட்டப் பிரிவையும் இனங்காணலாம். நிலம் அபாயத்தின் அளவுக்கேற்ப வலயங்களாகப் பிரித்து நிறத்தாற் காட்டப்பட்டிருக்கும். ஒரு கோட்டுக்கு இப்பால் அபாயம், அப்பால் அபாயமில்லை எனக் கொள்ளுதல் தவறு. 1:10,000 அளவுப் படத்தில் ஒரு மில்லிமீற்றர் என்பது நிலத்தில் 10 மீற்றர் ஆகும்.

தன் காணியின் நிறத்தை மாத்திரம் நோக்குதலும் போதாது. 2016 இல் அரநாயக்கவிற் சரிந்த மண் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடவில்லை. கீழேயிருந்த வீடுகளையும் நிலங்களையும் மூடியது. ஆகையால், காணிக்கு மேலேயுள்ள மலையின் நிறம் யாது, அங்கிருந்து புறப்படும் ஓடை எவ்வழியே வருகின்றது என்பவற்றையும் நோக்குதல் வேண்டும்.

பயிர் செய்யும் இடமும் உறங்கும் இடமும்

அபாய வலயத்தில் அமைந்த நிலம் யாவும் கைவிடப்பட வேண்டியதன்று. மழை மிகும் நாளில் வயலை விட்டு விலகி நிற்றல் இயலும்; உறக்கத்தில் இருப்பவர் வீட்டை விட்டு விலகுதல் அரிது. ஆதலாற் பழைய சரிவு மண்ணிற் பயிர் செய்யலாம். அதன் மேலும், அதன் நேர் கீழேயும் வீடு அமைத்தலைத் தவிர்த்தல் வேண்டும். புதிதாக வீடு கட்ட எண்ணுவோர், மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையை முன்னரே பெறுதல் வேண்டும். லயன் வீடுகளில் வாழ்வோர் தம் வீட்டின் இடத்தைத் தாமே தெரிந்துகொண்டவர் அல்லர். எனினும், தம் லயன் எந்த வலயத்தில் உள்ளது எனத் தோட்ட நிருவாகத்திடமும் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டறிதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. ஒருவராகக் கேட்பதினும் லயனிலுள்ளோர் சேர்ந்து எழுத்திற் கேட்டல் நன்று.

பயிர்நிலத்திற் கவனிக்க வேண்டியவை வருமாறு:

1. இயற்கை ஓடைகளை மறித்தலும், குப்பையும் மண்ணும் இட்டு நிரப்புதலும் ஆகாது. மழைக்கு முன் வடிகால்களைத் துப்புரவாக்குதல் வேண்டும்.

2. சரிவிற் பாத்திகளைச் சமவுயரக் கோட்டின் வழியே அமைத்து, மேலிருந்து வரும் நீரைச் சிறு சாய்வுடைய வடிகாலால் ஏற்று, கல் பாவிய அல்லது புல் வளர்ந்த ஓடையிற் சேர்த்தல் வேண்டும். மேலிருந்து கீழ்நோக்கி நேரே வெட்டிய வாய்க்கால் மண்ணை அரிக்கும்.

3. வயலை அகலப்படுத்துதற்காக மலையின் அடியைச் செங்குத்தாக வெட்டுதல் மிகத் தீங்கானது. அடியிலுள்ள மண்ணே மேலுள்ள மண்ணைத் தாங்கி நிற்பது.

4. மேட்டிலுள்ள கைவிடப்பட்ட வயல்களில் நீர் தேங்க விடலாகாது. தேங்கிய நீர் மண்ணுள் இறங்கிச் சரிவை இளக்கும். வரம்பை வெட்டி நீரை ஓடையிற் சேர்த்தல் நன்று.

5. ஊற்று நீரை மண் வாய்க்காலிற் கசிய விடாது, குழாயினாலோ பூசிய வாய்க்காலினாலோ வயலுக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்.

6. பாத்திகளின் இடையே கற்கட்டும், கிளிரிசீடியா வேலியும், வெட்டிவேர் வரிசையும் அமைத்தல் மேல்மண் அரிப்பைத் தடுக்கும். ஆயினும் ஆழத்தில் நிகழும் சரிவை இவை மாத்திரம் தடுத்துவிடும் என நம்பியிருத்தல் கூடாது.

மண் அரிப்பைத் தடுத்தற்கென 1951 ஆம் ஆண்டிலேயே நாட்டிற் சட்டம் இயற்றப்பட்டது. மேற்கூறிய முறைகளைக் காணியில் அமைத்தற்கு விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையைப் பெறலாம்.

மழையை அளத்தலும் அறிகுறிகளை நோக்குதலும்

படம் இடத்தைக் கூறும். காலத்தைக் கூறுவது மழை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையின் அளவைக் கொண்டு மூன்று படிகளில் எச்சரிக்கை விடுக்கின்றது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேற்பட்டால் விழிப்பாயிருத்தல் வேண்டும். 100 மில்லிமீற்றருக்கு மேற்பட்டால் வெளியேற ஆயத்தமாதல் வேண்டும். 150 மில்லிமீற்றருக்கு மேற்பட்டாலோ, ஒரு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேற்பட்டாலோ வெளியேறுதல் வேண்டும். இவற்றுக்கு முறையே மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு ஆகிய நிறங்கள் வழங்குகின்றன.

ஒரு மலையிற் பெய்யும் மழை அடுத்த மலையிற் பெய்யாதிருக்கலாம். ஆகவே வீட்டிலேயே மழையை அளத்தல் பயனுடையது. மேலும் கீழும் ஒரே அகலமுள்ள, தட்டையான அடியுடைய தகரப்பேணி ஒன்றை மரமும் கூரையும் மறையாத வெளியில் நேராக நிறுத்தி, நாள்தோறும் காலையில் அடிமட்டத்தால் நீரின் ஆழத்தை அளந்து ஊற்றிவிடல் வேண்டும். 3 அங்குலம் ஏறத்தாழ 75 மில்லிமீற்றர். 4 அங்குலம் 100 மில்லிமீற்றர். 6 அங்குலம் 150 மில்லிமீற்றர். பெருமழை பெய்யும்போது காலைவரை காத்திராது இடையிடையேயும் நோக்குதல் வேண்டும். பல நாள் தொடர்ந்து பெய்து மண் ஏற்கெனவே நனைந்திருப்பின், குறைந்த மழையும் சரிவை உண்டாக்கலாம்.

நிலத்திற் புதிய வெடிப்புத் தோன்றுதல், மரங்களும் கம்பங்களும் சாய்தல், வீட்டுச் சுவரும் நிலமும் பிளத்தல், கதவு திடீரெனப் பொருந்தாதிருத்தல், புதிய ஊற்றுப் புறப்படுதல், இருந்த ஊற்று நின்றுபோதல், தெளிந்த நீர் சேறாய் மாறுதல் ஆகியன சரிவின் முன்னறிகுறிகளாம். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் எச்சரிக்கைக்குக் காத்திராது பாதுகாப்பான இடத்துக்கு அகன்று, கிராம உத்தியோகத்தருக்கு அறிவித்தல் வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 என்னும் தொலைபேசி இலக்கத்தினால் அறிவிக்கலாம். ஆபத்து நீங்கிய பின், சிறிய வெடிப்புகளிற் களிமண்ணை இறுக நிரப்பி, மழைநீர் உட்புகாது மூடுதல் வேண்டும்.

முடிவுரை

புளத்கொகுபிட்டியவின் மலைகளைச் செய்மதி சில நாட்களுக்கு ஒரு முறை கடந்து செல்கின்றது. அது முகட்டின் போக்கையும் ஓடையின் கோட்டையும் பழைய சரிவின் உருவத்தையும் காட்டும். அம்மலையின் அடியில் ஆண்டு முழுவதும் வாழ்பவர் கமக்காரரும் தோட்டத் தொழிலாளருமே. ஊற்றையும் வெடிப்பையும் முதலிற் காண்பவர் அவர்களே. ஆகையால் அடுத்த பருவமழைக்கு முன், ஒவ்வொரு கமக்காரரும் பிரதேச செயலகத்தில் தம் ஊரின் அபாயப் படத்தைப் பற்றிக் கேட்டறிந்து, தம் காணியும் வீடும் அவற்றுக்கு மேலேயுள்ள சரிவும் எந்த வலயத்தில் உள்ளன எனத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும். படத்தில் இல்லாத ஊற்றோ வெடிப்போ பழைய இடிவோ தெரியுமாயின், அதனை உத்தியோகத்தருக்கு அறிவித்துப் படத்திற் சேர்க்கும்படி கோருதல் வேண்டும். இரவில் மழை மிகுந்தால் வீட்டார் எவ்வழியே எங்கே செல்வது என்பதையும், வயதானோரையும் குழந்தைகளையும் யார் அழைத்துச் செல்வது என்பதையும், வானம் வெளித்திருக்கும் நாளிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுதல் வேண்டும்.